பச்சை விளக்கு எரிந்தது, பதிவுதான் இல்லை

2024, மாசி பிறந்து மூன்றாம் நாள். காலை ஆறரை மணிக்கு ஊரிலிருந்து போன் வந்தது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் பேசினார். "ஆச்சி, பின்கட்டுக் கதவுத் தாழ்ப்பாள் பேந்து கெடக்கு. அடுப்படியில இருந்த பித்தளை அண்டா ரெண்டையும் காணோம். பெரிய உருளியும் இல்ல."

நான் சென்னையில் இருந்தேன். கை நடுங்கியது. ஆனாலும் வாயில் முதலில் வந்தது, "கேமரா இருக்குல்லண்ணே, பார்த்துடலாம்" என்பதுதான். பதினெட்டு மாதமாக அந்த நம்பிக்கையில்தான் நாங்கள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தோம்.

எங்கள் வீடு கானாடுகாத்தான் பக்கம். செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: முகப்பு, வளவு என்கிற நடு முற்றம், இரண்டாம் கட்டு, அடுப்படி என்று முன் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். வாசற்படியில் நின்றால் கடைசிக் கதவு வரை கண் நேராகப் போகும். படம் எடுக்க வருகிறவர்களுக்கு அது பர்மா தேக்கும் ஆத்தங்குடிக் கல்லும். எங்களுக்கு அது ஐந்து பங்காளிகளுக்குப் பொதுவான வீடு. முன்னோர்களுக்குப் படைக்கும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் நிறையும். மற்ற நாளில் இத்தனை கதவுகளையும் ஒரே ஒருவர் சுற்றிப் பார்த்துப் பூட்ட வேண்டும்.

அதனால்தான் 2022 ஆவணியில் ஐந்து குடும்பமும் பணம் போட்டு ஆறு கேமராவும், அவற்றின் படத்தைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டி ஒன்றும் (எட்டுச் சேனல்) வாங்கினோம். டிஸ்க், கேபிள், கூலி எல்லாம் சேர்த்து 52,000 ரூபாய். கடைக்காரரிடம் பேசியது நான், ரசீதை வைத்திருந்தது நான், பங்காளிகளுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியதும் நான்தான். இதில் என் கோபம் பாத்திரம் போனதோடு நிற்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

போனை வைத்ததும் கைப்பேசியில் ஆப்பைத் திறந்தேன். ஆறு கட்டத்திலும் வீடு தெரிந்தது. வளவில் வெயில் விழ ஆரம்பித்திருந்தது. அடுப்படிக் கேமராவில் அண்ணன் தலையில் கை வைத்தபடி நிற்பது அப்படியே தெரிந்தது. ஓரத்தில் பச்சை விளக்கு, ஆன்லைன். சரி என்று பழைய பதிவைத் திறந்து முந்தின இரவுக்குப் போனேன். பதிவு இருந்தால் அடியில் நீலப் பட்டை ஓடும். அந்த இரவுக்குப் பட்டையே இல்லை. அதற்கு முந்தின நாளும் இல்லை. ஒவ்வொரு தேதியாகத் தட்டிக்கொண்டே போனேன். ஒன்பது நாளுக்கு ஒன்றுமே பதிவாகவில்லை.

இதை வாங்கும்போது எனக்கு யாரும் சொல்லவில்லை, கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை. நேரலை வேறு, பதிவு வேறு. கேமராவின் படம் டிவிஆருக்கு வந்து இணையம் வழியாகக் கைப்பேசிக்குப் போவது ஒரு வழி. அதே படம் உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்கில் எழுதப்படுவது இன்னொரு வழி. டிஸ்க் செத்துப்போனாலும், டிஸ்கே இல்லாவிட்டாலும், முதல் வழி ஓடிக்கொண்டே இருக்கும். தினமும் ஆப்பைத் திறந்து "ஆறும் தெரியுது" என்று திருப்திப்பட்ட நான், பதிவைப் போட்டுப் பார்த்தது பதினெட்டு மாதத்தில் இரண்டு தடவை இருக்கும்.

நீலப் பட்டை கடைசியாக இருந்த நாள், படைப்பு நடந்த நாள். அன்றைக்கு வீடு நிறைய ஆள். சீரியல் விளக்கு, கிரைண்டர், மோட்டார் என்று பாரம் கூடி நாலைந்து தடவை கரண்ட் போய் வந்தது. அன்று இரவோடு டிஸ்க் நின்றிருக்கிறது. அந்தக் கவலையிலும் படைப்பு நாளின் பதிவைக் கொஞ்சம் ஓட்டிப் பார்த்தேன். என் வீட்டுக்காரரின் பெரியம்மா, எல்லாருக்கும் பெரியாச்சி, வளவுத் தூணில் சாய்ந்து உட்கார்ந்து பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் திருநீறு பூசுகிறார். அவருக்கு 86 வயது. அத்தனை நேரம் அவரை யாரும் வீடியோ எடுக்கவில்லை. எல்லாரும் வேலையாக இருந்தோம். அந்தக் கேமரா மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. ஊருக்குப் போகும்போது பென் டிரைவில் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஒரே ஒரு ஸ்கிரீன்ஷாட் மட்டும், "இந்தச் சிவப்புச் சட்டைப் பையன் யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டு எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

அப்புறம் அண்ணனிடம், பெட்டி ஏதாவது சத்தம் போட்டதா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "போட்டுச்சு ஆச்சி. படைப்பு முடிஞ்ச மறுநாள் கீ கீன்னு கத்திக்கிட்டே கெடந்துச்சு. கடைக்குப் போன் பண்ணேன். அது சும்மா கத்தும், இந்தப் பட்டனை அமுக்குங்கன்னாங்க. அமுக்கினேன், நின்னுடுச்சு." அவர் மேல் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. அவர் செய்ய வேண்டியதைச் செய்தார், கேட்க வேண்டிய இடத்தில் கேட்டார். அந்தச் சத்தம்தான் டிஸ்க் போய்விட்டது என்கிற எச்சரிக்கை. டிவிஆர் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் சொல்லியிருக்கிறது. அதை நிறுத்தச் சொன்னது விற்ற கடை.

போலீஸில் புகார் கொடுத்தோம். வந்தவர்கள் பொறுமையாகப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது பதிவைத்தான். இல்லை என்று சொல்ல நேர்ந்தது.

அடுத்த ஒன்றரை மாதம் போனிலேயே கழிந்தது. கடைக்காரர், "டிஸ்க் போயிருக்கும் ஆச்சி, கம்பெனிக்குச் சொல்லுங்க" என்றார். கம்பெனியின் இலவச எண்ணில் இருபது நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண் எடுத்து, "ரெக்கார்டர் எங்களுடையது, உள்ளே இருக்கும் டிஸ்க் எங்களுடையது இல்லை மேடம், விற்றவரிடம் கேளுங்கள்" என்றார். திரும்பக் கடை, திரும்பக் கம்பெனி. வற்புறுத்திய பிறகு ஒரு புகார் எண் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் குறுஞ்செய்தி வந்தது: உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, நன்றி. வீட்டுக்கு ஒருவரும் வரவே இல்லை. போன் பண்ணிக் கேட்டால், "அது சிஸ்டத்தில் குளோஸ் ஆகிவிட்டது, புதிதாகப் போடுங்கள்" என்கிறார்கள். இரண்டாவது புகாருக்கும் அதே கதி. ஒவ்வொரு தடவையும் வேறு ஆள் பேசுவார். ஒவ்வொருவரிடமும் அண்டாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

மூன்றாவது புகாருக்கு ஆள் வந்தார். நான் சென்னையில் இருக்கிறேன், அவர் எங்கள் வளவில் நிற்கிறார். "மேடம், உங்க நம்பருக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க." உள்ளே நுழையத்தான் கேட்கிறார் என்று நினைத்துச் சொல்லிவிட்டேன். அது வேலை முடிந்தது என்று வாடிக்கையாளர் ஒப்புக்கொள்ளும் எண். பத்து நிமிடத்தில் அண்ணன் பேசினார். "சரியாயிடுச்சுன்னு சொல்லிட்டுப் போய்ட்டாப்ல ஆச்சி. பழசெல்லாம் அழிச்சாத்தான் ஓடும்னாரு, அழிச்சுட்டாரு."

டிஸ்கை ஃபார்மட் செய்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. படைப்பு நாள் பதிவு அதோடு போயிற்று.

ஃபார்மட் செய்த டிஸ்க் நாலு நாள் ஓடியது. ஐந்தாம் நாள் மறுபடியும் நீலப் பட்டை நின்றது. கம்பெனிக்குச் சொன்னால், "நீங்களே ஓடிபி கொடுத்து உறுதி செய்திருக்கிறீர்கள்" என்று பதில். அன்று மாலையே பல்லவன் ரயிலில் ஏறிவிட்டேன்.

மறுநாள் காலை அந்தப் பெட்டியை நேரில் தொட்டுப் பார்த்தேன். இரண்டாம் கட்டில் ஒரு தேக்கு அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தார்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று நாங்கள்தான் அப்படி வைக்கச் சொன்னோம். மூடியில் உள்ளங்கையை வைக்க முடியவில்லை, தோசைக்கல் மாதிரி சுட்டது. இரும்பு மூடியிலே அப்படி என்றால் உள்ளே டிஸ்க் எந்தச் சூட்டில் ஓடியிருக்கும்! அதன் மேல் ஒரு விரற்கடைத் தூசி. திரையின் வலது மூலையில் தேதி 2000 ஜனவரி என்று காட்டியது. தாய்ப்பலகையில் காசு மாதிரி இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்துவிட்டால், கரண்ட் போகும்போதெல்லாம் கடிகாரம் ஆரம்பத்துக்குப் போய்விடும். ஐம்பது ரூபாய்ச் சாமான். ஆனால் தேதி தப்பாக இருந்தால், பதிவு இருந்தும் தேடுகிற நாளில் கிடைக்காது. சாட்சியமாகக் கொடுக்கும்போதும் கேள்வி வரும்.

காரைக்குடியில் டிவியும் கம்ப்யூட்டரும் பழுது பார்க்கும் ஒரு தம்பியிடம் பெட்டியைக் கொண்டுபோனேன். இருபத்தைந்து வயது இருக்கும். நாலு திருகைக் கழற்றி மூடியைத் திறந்ததும், "அக்கா, இது கேமராவுக்கான டிஸ்க்கே இல்லையே" என்றார். டிவிஆர் இரவு பகல் நிறுத்தாமல் எழுதிக்கொண்டே இருக்கும். அதற்கென்று வரும் கண்காணிப்பு டிஸ்க் அந்த உழைப்புக்காகச் செய்யப்பட்டது. எங்கள் ரசீதில் அப்படித்தான் எழுதியிருந்தது. உள்ளே இருந்தது மேசைக் கம்ப்யூட்டருக்கான சாதாரண டிஸ்க். லேபிளில் அது செய்யப்பட்ட ஆண்டு 2018. நாங்கள் புதிது என்று பணம் கொடுத்தது 2022-இல்.

பிறகு அதைத் தன் கம்ப்யூட்டரில் மாட்டி ஒரு பட்டியலைக் காட்டினார். ஒவ்வொரு டிஸ்கும் தான் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதைத் தனக்குள்ளேயே எண்ணி வைத்துக்கொள்ளும். ஸ்மார்ட் என்று அதற்குப் பெயர். எங்கள் டிஸ்கில் இருந்த எண் 37,412. தம்பி ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். ஒரு வருஷத்துக்கு 8,760 மணி. எங்கள் வீட்டில் ஓடியது பதினெட்டு மாதம், நிறுத்தாமல் ஓடியிருந்தாலும் 13,000 மணிக்குச் சற்று மேல். மீதி 24,000 மணி, இரண்டே முக்கால் வருஷம், வேறு எங்கோ ஓடித் தேய்ந்த டிஸ்க். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "பழசைக் கழுவிக் குடுத்திருக்காங்க அக்கா" என்றார். டிஸ்க் செய்த கம்பெனியின் தளத்தில் சீரியல் எண்ணைத் தட்டிப் பார்த்தோம். வாரண்டி 2020-லேயே முடிந்திருந்தது.

இதைத்தான் எல்லாருக்கும் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்தேன். டிவிஆர் பெரும்பாலும் டிஸ்க் இல்லாமல்தான் கம்பெனியிலிருந்து வரும். டிஸ்கைக் கடைக்காரர் தனியாக வாங்கி உள்ளே மாட்டுவார். ஆகவே வாரண்டியும் இரண்டு. மூடிய பெட்டிக்குள் என்ன போகிறது என்று நம்மில் யாரும் பார்ப்பதில்லை. மாட்டும் முன் டிஸ்க் உறை பிரிக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள், லேபிளைப் படம் எடுங்கள், சீரியல் எண்ணை ரசீதில் எழுதி வாங்குங்கள். எழுத மாட்டேன் என்று சொல்கிற கடையில் வாங்க வேண்டாம். மாட்டிய பிறகு பல டிவிஆர்களின் மெனுவிலேயே அந்த ஸ்மார்ட் பட்டியலைப் பார்க்கலாம். புது டிஸ்க் என்றால் ஓடிய நேரம் ஒற்றை இலக்கத்தில் இருக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. அதை நான் செய்திருந்தால் 2022-லேயே தெரிந்திருக்கும்.

கடைக்காரரிடம் நேரில் போய்க் கேட்டேன். "அப்ப சப்ளை அப்படித்தான் வந்துச்சு ஆச்சி" என்றார். வாய்ப்பேச்சு போதும் என்று முடிவு செய்தேன். ரசீது நகல், லேபிள் படம், 37,412 என்று காட்டிய திரையின் படம், மூன்று புகார் எண்களும் தேதிகளும் எல்லாம் வைத்து, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் கடைக்கும் கம்பெனிக்கும் ஆளுக்கு ஒரு கடிதம் அனுப்பினேன். பதினைந்து நாள் அவகாசம் கொடுத்தேன். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்தேன். அது தீர்ப்புச் சொல்லும் இடம் இல்லை, இரண்டு தரப்புக்கும் நடுவில் பேசிப் பார்க்கும் இடம். ஆனால் ஒன்றரை மாதம் அலைக்கழித்தவர்கள், அதற்குப் பிறகு அவர்களாகவே கூப்பிட்டார்கள். கடைக்காரர் உறை பிரிக்காத 2 டிபி கண்காணிப்பு டிஸ்க் ஒன்றைச் சீரியல் எண் எழுதிய ரசீதோடு கொடுத்தார். கம்பெனியிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. தங்கள் ஆள் கேட்காமல் அழித்ததைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அதை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று பங்காளிகள் கூடிப் பேசினோம். டிஸ்க் வந்துவிட்டதால் வேண்டாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள், சரி என்று விட்டேன். ஆனால் போக வேண்டியவர்கள் தயங்க வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். எங்களைப் போலச் சொந்த ஊரில் வாங்கிவிட்டு வெளியூரில் இருப்பவர்களுக்கு இது பெரிய உதவி. வாங்கிய பொருளின் விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை நடந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கேட்பார்கள் என்று தெரிந்து தாளைச் சேர்த்து வையுங்கள். போனில் பேசியதை அன்றைக்கே ஒரு மெசேஜாக அவர்களுக்கே அனுப்பி வைத்தால் அதுவும் ஒரு தாள்தான். வேலை முடிந்து, முந்தின மணி நேரப் பதிவை ஓட்டிக் காட்டிய பிறகுதான் ஓடிபி கொடுக்க வேண்டும். நாம் வெளியூரில் இருந்தால் வீடியோ காலில் காட்டச் சொல்லலாம்.

பழைய டிஸ்கை எடுத்துக்கொண்டு சென்னை ரிச்சி தெருவில், அழிந்ததை மீட்கும் ஒருவரிடமும் போனேன். ஃபார்மட் செய்ததும் பெரும்பாலும் போவது எது எங்கே இருக்கிறது என்கிற அட்டவணை மட்டும்தான், உள்ளே இருக்கும் படம் உடனே போய்விடாது என்றார். உடனே பெட்டியை நிறுத்தி டிஸ்கைக் கழற்றியிருந்தால் கிடைத்திருக்க வாய்ப்பு உண்டாம். நாலு நாள் புதுப் பதிவு அதன் மேலேயே எழுதப்பட்டுவிட்டது, டிஸ்கிலும் பல இடம் கெட்டிருந்தது. மூன்று நாள் வைத்துப் பார்த்துவிட்டு, முடியவில்லை என்று சொல்லிக் காசு வாங்காமல் திருப்பிக் கொடுத்தார். முக்கியமான பதிவு அழிந்துவிட்டால் முதல் வேலை கரண்டை நிறுத்துவது. இதை நான் தெரிந்துகொண்டது தாமதமாக.

பெரியாச்சி வைகாசியில் போய்ச் சேர்ந்தார். அந்தச் சிவப்புச் சட்டைப் பையனின் நெற்றியில் அவர் விரல் பதிந்திருக்கும் அந்த ஒரு ஸ்கிரீன்ஷாட் மட்டும் இருக்கிறது. முகம் பாதி தூணில் மறைந்திருக்கிறது.

இப்போது பெட்டி அலமாரிக்கு வெளியே, காற்றோட்டமான சுவரில், கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. டிவிஆருக்கும் ரூட்டருக்கும் கேமராவுக்கும் சேர்த்து ஒரு சின்ன யூபிஎஸ் வைத்தோம். எங்கள் பக்கம் கரண்ட் போவதைவிட, போய்ப் போய் வருவதுதான் டிஸ்கைக் கொல்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் இடி இறங்கினால் ஓட்டின் மேல் ஓடும் கேபிள் வழியாகவும் வரும், அதனால் எர்த்தைச் சரிபார்த்தோம். எச்சரிக்கைச் சத்தத்தைத் திரும்பவும் போட்டாயிற்று. டிஸ்கில் கோளாறு என்றால் என் கைப்பேசிக்கும் செய்தி வரும்படி அமைத்தோம். அந்த வசதி முதல் நாளிலிருந்தே மெனுவில் இருந்திருக்கிறது. ஆறு கேமராவுக்கு 2 டிபியில் சுமார் 15 நாள்தான் பதிவு நிற்கும், அதற்குப் பிறகு பழையதன் மேல் புதியது எழுதும். அதனால் வீட்டில் விசேஷம் நடந்தால் மறுநாளே பென் டிரைவில் எடுத்துவிடுகிறோம். போன படைப்பில் ஐந்து குடும்பத்துக்கும் ஆளுக்கொன்று கொடுத்தேன்.

அண்டாவும் உருளியும் கிடைக்கவில்லை. கல்யாணத்துக்குக் கவுனி அரிசி கிளறியதெல்லாம் அந்த உருளியில்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் பெட்டிக்கு முன் ஸ்டூல் போட்டு ஏறுவார். நேரலையைத் தொட மாட்டார். முந்தின நாள் சாயங்காலம் நாலு மணிப் பதிவை ஓட்டி, திரையை அப்படியே போனில் படம் பிடித்து எனக்கு அனுப்புவார். எப்படிச் செய்வது என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தது காரைக்குடித் தம்பி. போன வாரம் வந்த படத்தில் வளவில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் பிடிக்க நாலு மூலையிலும் பிளாஸ்டிக் குடம் வைத்திருந்தார். மேலே தேதியும் மணியும் சரியாக இருந்தன, 16:02. கூடவே ஒரு குரல் செய்தி: "நேத்து நாலு மணி ஆச்சி. ஆறும் பதிஞ்சிருக்கு."